'வேறெங்கிலும்': பிரேமுனீரே சட்டம் யாரைப் பிடித்தது?

கேள்வி, ஜனவரி 6

எட்டாம் ஹென்றி மனைவியை விலக்குவதற்காகப் போப்புடன் உறவை முறித்தான் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே, 1393இல், பிரேமுனீரே என்றொரு சட்டம் போட்டு இங்கிலாந்து போப்பின் அதிகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. ஹென்றி செய்தது வெறும் சடங்கு என்பது என் கட்சி. சட்டம் தெரிந்தவர்கள் மறுக்க முடியுமா?

ஜனவரி 6, இரவு

முடியும். கால்வாசி சரி, முக்கால்வாசி தவறு.

1393 சட்டத்தில் போப்பைத் தூக்கி எறிந்ததாக ஒரு வரியும் கிடையாது. ஞானஸ்நானம், திருமணம், பாவமன்னிப்பு, ஆயர் பட்டம் எல்லாம் அவர் கையிலேயே இருந்தன. சட்டம் சொன்னது இவ்வளவுதான்: அரசனுக்கும் மகுடத்துக்கும் நாட்டுக்கும் எதிராக ரோமிலிருந்து சபைநீக்கத் தீர்ப்பு, ஆயர்களை இடம் மாற்றும் உத்தரவு, முத்திரையிட்ட ஆணை என்று எதையாவது வாங்கி வருகிறவன், அதை நாட்டுக்குள் கொண்டுவருகிறவன், பெற்றுக்கொள்கிறவன், ஊரறியப் படிக்கிறவன், இவர்களுக்குத் துணை நிற்கிறவன் எல்லோரும் அரசனின் பாதுகாப்புக்கு வெளியே. நிலம், வீடு முதல் தட்டுமுட்டுச் சாமான் வரை அரசனுக்கு ஜப்தி. ஆள் அகப்பட்டால் பிடித்து வந்து நிறுத்த வேண்டும்.

பாதுகாப்புக்கு வெளியே என்றால் என்ன என்பதைத் தொழிலில் இருந்தவன் சொன்னால்தான் புரியும். உன்மீது யாரும் பிராது கொடுக்கலாம். நீ யார்மீதும் கொடுக்க முடியாது. அப்படிப்பட்டவனை எவனாவது கொன்றாலும் கேள்வி கிடையாது என்று ஒரு கருத்தே நிலவியது. அந்தக் கருத்தை மூடுவதற்கு முதலாம் எலிசபெத் காலத்தில் ஒரு சட்டப்பிரிவு எழுத வேண்டியிருந்தது.

பிரேமுனீரே என்பதற்கு 'அரண் செய்தல்' என்று பொருள். மகுடத்துக்கு அரண். பொருத்தமான பெயர்.

ஜனவரி 7

ஒருவர் கேட்கிறார்: "இவர் எந்த ஆசிரமத்து முனிவர்?" பிரேமுனீரே, வருக வருக. பழைய நாடகக் கொட்டகையில் அரசன் எழுந்து நின்று அழைப்பதுபோலத்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் வக்கீல்களே இதை ஆளுக்கொரு விதமாக உச்சரிக்கிறார்கள். நாம் இப்படியே எழுதிக்கொள்வோம்.

ஜனவரி 9

6ஆம் தேதி இரவு எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, 'அரண் செய்தல்' என்று அள்ளிவிட்டேன். அகராதிப்படி அந்த லத்தீன் வினைக்கு அதுதான் பொருள். ஆனால் இந்த இடத்தில் அது எழுத்தர்கள் செய்த கலப்படம். 'முன்கூட்டி எச்சரிக்கச் செய்க' என்று ஷெரீப்புக்கு (வட்டாரத்தில் அரசனின் அதிகாரி) போகும் பேராணையின் தொடக்கச் சொற்கள்தான் 'பிரேமுனீரே ஃபாகியாஸ்'. எச்சரித்தல் என்பதற்கான சொல்லும் அரண் என்பதற்கான சொல்லும் இடைக்கால லத்தீனில் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. ஆகவே இது அரண் இல்லை, சம்மன். "இன்னார் இன்ன நாளில் வந்து பதில் சொல்லும்படி அவருக்கு அறிவிப்பீராக." அவ்வளவுதான். கோட்டைக் கதவு என்று நான் கற்பனை செய்தது கடைசியில் அமீனா கையில் கொடுத்தனுப்பிய காகிதமாக முடிந்தது.

தொடக்கச் சொல்லே பெயராவது நமக்குப் புதிதில்லை. ஆத்திசூடிக்கும் கொன்றைவேந்தனுக்கும் அப்படித்தான் பெயர் வந்தது. நம் உயர் நீதிமன்றங்களில் தினமும் ஒலிக்கும் ஹேபியஸ் கார்பஸும் மாண்டமஸும் இதே குடும்பம். அரசியலமைப்பின் 226ஆவது பிரிவு வழியாக இன்றும் உயிரோடு இருப்பவை. பிரேமுனீரே அந்தக் குடும்பத்தில் செத்துப்போன பெரியப்பா.

இரண்டு, ஆண்டு. சில பழைய நூல்களில் 1392 என்று இருக்கிறதே என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். இரண்டும் சரி. நாடாளுமன்றம் வின்செஸ்டரில் கூடியது ஜனவரி மாதம். அந்தக் கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். நம் கணக்கில் 1393, அவர்கள் கணக்கில் 1392. தை மாதம் பிறந்த குழந்தைக்குப் பழைய ஆண்டின் பெயரைச் சொல்கிறோமே, அதுபோல.

ஜனவரி 12

"ஏன் இந்தச் சட்டம் தேவைப்பட்டது?" மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதற்கு விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

சண்டை சாமியைப் பற்றியதே இல்லை. வேலை நியமனத்தைப் பற்றியது. ஒரு பங்குக்கு, அதாவது ஓர் ஊர்த் தேவாலயப் பிரிவுக்கு, குருவாக யாரை வைப்பது என்ற உரிமை இங்கிலாந்தில் சொத்து. மடாதிபதி வைத்திருப்பார், நிலக்கிழார் வைத்திருப்பார், அரசனே நூற்றுக்கணக்கில் வைத்திருப்பான். மகனுக்கு எழுதிவைக்கலாம், விற்கலாம். சொத்து என்றால் வழக்கு அரச நீதிமன்றத்தில். இதில் இங்கிலாந்து வக்கீல்கள் மயிரிழை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

போப்பின் அலுவலகம் இன்னொரு பக்கத்திலிருந்து அதே நாற்காலியில் ஆளை உட்கார வைத்தது. காலியான இடத்துக்கு ரோமே நேரடியாக நியமிக்கும். காலியாகாத இடத்துக்கும்தான், இருக்கிறவர் கண்ணை மூடியதும் இடம் உனக்கு என்று முன்கூட்டியே கடிதம் தந்துவிடுவார்கள். கடிதத்தோடு வருகிறவன் பல நேரம் அந்த ஊர்ப் பக்கமே எட்டிப்பார்க்காத வெளிநாட்டுக்காரன். வருமானம் மட்டும் போகும்.

போவது எங்கே? 1309 முதல் 1377 வரை போப்புகள் பெரும்பாலும் இன்றைய தென் பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் இருந்தார்கள், எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். 1337இலிருந்து இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். நம் காணிக்கைப் பணத்தில் எதிரி அம்பு வாங்குகிறான் என்று பேச்சு எழ இதைவிட என்ன வேண்டும்? 1376 நாடாளுமன்றத்தில் மக்களவையினர், அரசன் வாங்குவதைவிட ஐந்து மடங்கு போப்புக்குப் போகிறது என்று மனுவே கொடுத்தார்கள். இது வயிற்றெரிச்சல் கணக்கு. யாரும் கூட்டிப் பார்த்து எழுதியதில்லை. ஆனாலும் வயிற்றெரிச்சல் உண்மை.

1351இல் முதல் சட்டம், புரவைசர்ஸ்: ரோமின் நியமனக் கடிதம் செல்லாது. கடிதம் செல்லாது என்றதும் தோற்றவன் என்ன செய்வான்? ரோமுக்கு மேல்முறையீடு போவான். அந்தக் கதவை அடைக்க 1353இல் முதல் பிரேமுனீரே. அரச நீதிமன்றத்துக்குரிய வழக்கில் யாரையாவது நாட்டுக்கு வெளியே இழுத்துச் சென்றால், இரண்டு மாத வாய்தாவில் வந்து பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் சட்டத்துக்குப் புறம்பானவன், சொத்து போயிற்று.

இதில் ரசிக்க வேண்டியது: 1353 சட்டத்தில் போப் என்ற சொல்லே கிடையாது. ஊரே யாரைத் திட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும், பெயர் மட்டும் வாயில் வராது. 1365இல்தான் ரோம் என்று வாய்திறந்து சொன்னார்கள்.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது. 1393 சட்டத்தில், இங்கிலாந்தின் மகுடம் எக்காலத்திலும் சுதந்திரமானது, கடவுளுக்கு மட்டுமே நேரடியாகக் கட்டுப்பட்டது என்று மார்தட்டுகிறார்கள். எக்காலத்திலும்! 1213இல் ஜான் அரசன் நாட்டையே போப் மூன்றாம் இன்னொசென்ட் காலடியில் வைத்து, அவரிடமிருந்து குத்தகைக்காரனைப்போல் திரும்ப வாங்கிக்கொண்டான். ஆண்டுக்கு 1000 மார்க் கப்பம்; இங்கிலாந்துக்கு 700, அயர்லாந்துக்கு 300. பிறகு வந்தவர்கள் பாக்கி வைத்தார்கள். 1366இல் போப் ஐந்தாம் அர்பன் பாக்கியைக் கேட்டபோது, எங்களைக் கேட்காமல் ஜான் எழுதிக் கொடுத்தது செல்லாது என்று நாடாளுமன்றம் கைவிரித்தது.

பாட்டன் எழுதிய பத்திரத்தைப் பேரன் மறுக்கும் வழக்குகளை நானும் நடத்தியிருக்கிறேன். எல்லாப் பேரன்களும் 'இந்தச் சொத்து ஆதியிலிருந்தே வில்லங்கமில்லாதது' என்றுதான் முதல் பத்தியை எழுதச் சொல்வார்கள்.

ஜனவரி 15

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "வெறும் நியமனச் சண்டை என்றால் போப்புகள் ஏன் அந்தச் சட்டங்களை நீக்கச் சொல்லி அப்படிப் பாடுபட்டார்கள்?"

நல்ல கேள்வி. போப் ஒன்பதாம் போனிஃபஸ் 1391இல் புரவைசர்ஸ் செல்லாது என்று அறிவித்தார். அரச நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் ஆயர்களைச் சபைநீக்கம் செய்யப்போகிறார், அவர்களைத் தூக்கி வெளிநாட்டு மறைமாவட்டங்களுக்கு மாற்றப்போகிறார் என்று பேச்சு பரவியது. 1393 சட்டம் அதற்குக் கிடைத்த பதில். ஒரு தலைமுறை கழித்து போப் ஐந்தாம் மார்ட்டின், பேராயர் சிச்செலியின் கழுத்தைப் பிடித்தார்: இந்தச் சட்டங்களை நீக்க வை, இல்லாவிட்டால் பார். 1428 ஜனவரியில் அந்த முதியவர் மற்ற ஆயர்களோடு மக்களவையினர் இருந்த இடத்துக்கே போய்க் கண்ணீர் விட்டு மன்றாடினார். அவர்கள் அசையவில்லை.

ஆனால் இதையும் பாருங்கள். இந்தக் காலம் முழுவதும் ஆயர் நியமனம் எப்படி நடந்தது? அரசன் பெயரைச் சொல்வான், போப் அந்தப் பெயருக்கே நியமன ஆணை அனுப்புவார். அரசனுக்கு ஆள், போப்புக்குக் கட்டணம். இருவருக்கும் திருப்தி. சட்டம் ஏட்டில் இருந்தது, ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. போப் முரண்டு பிடித்தால் அரசன் ஏட்டைக் கையில் எடுத்துக் காட்டுவான், உடனே திரும்ப உள்ளே வைத்துவிடுவான்.

உள்ளூர்க்காரர்களுக்கும் அதைக் காட்டலாம். அரச குடும்பத்தையே சேர்ந்த ஹென்றி போஃபோர்ட் 1426இல் கர்தினால் ஆனார். சில ஆண்டுகளில் அவரை மட்டம் தட்ட நினைத்தவர்கள் கையில் எடுத்தது பிரேமுனீரேதான். அவருடைய நகைகள் பிடிக்கப்பட்டன. 1432இல் ஒருவழியாகத் தப்பினார்.

ஜனவரி 19

நான் இத்தனை நாள் சுற்றி வளைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன். 1393 சட்டம் நார்மன் பிரெஞ்சில் எழுதப்பட்டது. அதில் ஒரு தொடர்: "ரோமின் அவையிலோ வேறெங்கிலுமோ".

வேறெங்கிலும் என்றால் எங்கே? எழுதியவர்கள் மனத்தில் அவிஞ்ஞோன் இருந்திருக்கலாம். அந்த ஆண்டுகளில் ரோமில் ஒரு போப், அவிஞ்ஞோனில் ஒரு போப் என்று திருச்சபையே இரண்டாகப் பிளந்து கிடந்தது. போப் எங்கே உட்கார்ந்திருந்தாலும் சட்டம் பாயட்டும் என்று அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து வந்த வக்கீல்கள் அதைப் படித்தபோது அவிஞ்ஞோன் நினைவில் இல்லை. வேறெங்கிலும் என்றால் லண்டனிலும்தானே? ஆயர் நடத்தும் திருச்சபை நீதிமன்றம் லண்டனில்தானே இருக்கிறது? அங்கே கடன் வழக்குப் போட்டவன்மீது பிரேமுனீரே. அங்கே நிலத்தைப் பற்றிப் பேசியவன்மீது பிரேமுனீரே.

நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் ஒரு வரைவுப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். சொத்து விவரத்தின் கடைசியில் 'மற்றும் இதர' என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு சொல்லைச் சிவப்பு மசியால் சுழித்துவிட்டு, "இதில்தான் உன் கட்சிக்காரனின் பேரன் மாட்டுவான்" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது.

ஜனவரி 20

'வேறெங்கிலும்' என்ற சொல்லை நம்பி இறங்கிய ஒரு மனிதரைப் பற்றி எழுதாமல் இந்த இழையை முடிக்க முடியாது. ரிச்சர்ட் ஹன், லண்டன் துணி வணிகர், வசதியானவர்.

1511 மார்ச்சில் அவருடைய ஆண் குழந்தை ஸ்டீஃபன் இறந்தது. ஐந்து வாரக் குழந்தை. வைட்சேப்பலில் செயின்ட் மேரி மேட்ஃபெலன் கோயிலில் அடக்கம். பங்குக் குரு தாமஸ் டிரைஃபீல்ட் வழக்கமான சாவுக் காணிக்கையைக் கேட்டார்: குழந்தையை ஞானஸ்நானத்துக்கு எடுத்துச் சென்றபோது சுற்றியிருந்த துணி. ஹன் கொடுக்க மறுத்தார். இறந்தவனின் உடைமையில் ஒன்றைத்தானே காணிக்கையாகக் கேட்க முடியும், ஐந்து வாரக் குழந்தைக்கு ஏது உடைமை என்பது அவர் கட்சி. வக்கீலாக எனக்கு இந்த வாதம் மிகவும் பிடித்தது.

ஓராண்டு கழித்து குரு திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 1512இல் வென்றார். அந்த ஆண்டு டிசம்பர் 27, மாலை வழிபாட்டுக்கு ஹன் அதே கோயிலுக்குப் போகிறார். "நீ சபிக்கப்பட்டவன், நீ வெளியே போகும்வரை வழிபாடு நடக்காது" என்று நிறுத்திவிட்டார்கள். லண்டன் வணிகனுக்கு இது மானம் மட்டுமில்லை; சபிக்கப்பட்டவனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? ஜனவரியில் ஹன் அரச நீதிமன்றத்துக்குப் போய், குருவும் அந்தத் திருச்சபை நீதிமன்றத்தைச் சேர்ந்தவர்களும் பிரேமுனீரே குற்றம் செய்தார்கள் என்று வழக்குத் தொடுத்தார். போப் பெயரால் நடக்கும் நீதிமன்றம் வெளிநாட்டு நீதிமன்றம், ஆகவே 'வேறெங்கிலும்'.

வாய்தா, வாய்தா, வாய்தா. தீர்ப்பு வரவேயில்லை. 1514 அக்டோபரில் மதத்துரோகக் குற்றச்சாட்டில் பிடித்தார்கள். டிசம்பர் 4ஆம் தேதி காலை செயின்ட் பால் பேராலயத்தின் லோலர்டுகள் கோபுரச் சிறையில் தூக்கில் தொங்கிக் கிடந்தார். செத்த பிறகு விசாரணை நடத்தி, மதத்துரோகி என்று தீர்ப்பளித்து, 20ஆம் தேதி ஸ்மித்ஃபீல்டில் உடலை எரித்தார்கள்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பிற்பகல் அந்த இடத்தைத் தேடிப் போனேன். ஆல்ட்கேட் ஈஸ்ட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. கோயில் இல்லை. 1940 டிசம்பர் 29இல் விழுந்த குண்டுகளில் எரிந்தது, பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது அது அல்தாப் அலி பூங்கா. 1978இல் அந்தத் தெருவில் கொலையுண்ட வங்கதேசத் தொழிலாளியின் பெயர். பழைய கோயிலின் அடித்தளக் கோடு தரையில் தெரிகிறது. அந்தக் கோட்டின்மீது இரண்டு பையன்கள் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வழிபாட்டை நிறுத்தி வெளியே போ என்ற இடம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கோட்டை ஒட்டி நடந்து பார்த்தேன். பூங்காக் காவலர் ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

ஜனவரி 21

ஒரு பெண்மணி: "ஒரு துண்டுத் துணிக்கா இவ்வளவு?"

அம்மா, என்னிடம் ஒரு கட்சிக்காரர் இருந்தார். பங்காளி வீட்டு ஓரம் கிடந்த துவைகல்லுக்காகப் பதினொரு ஆண்டு வழக்காடினார். கல்லின் விலையைவிட வக்காலத்து முத்திரைக்கே அதிகம் செலவு. சமாதானம் பேசிய ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது, "கல் வேண்டாம் சார், அவன் சொன்ன வார்த்தை இருக்கிறதே."

ஜனவரி 21, இரவு

ஹன் கொல்லப்பட்டார் என்று நான் எழுதியதாகச் சிலர் எடுத்துக்கொண்டீர்கள். நான் எழுதவில்லை. மரண விசாரணைக் குழு கொலை என்று முடிவு செய்து ஆயரின் சான்சலர் ஹார்ஸியையும், சம்மன் எடுத்துப் போகிற சார்ல்ஸ் ஜோசஃபையும், மணியடிப்பவரான ஜான் ஸ்பால்டிங்கையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. தாமஸ் மோர் கடைசிவரை தற்கொலை என்றே வாதிட்டார். லண்டன் ஜூரியிடம் போனால், ஆபேலைப்போல் குற்றமற்றவனாக இருந்தாலும் குருவானவனைத் தண்டித்துவிடுவார்கள் என்று உல்சிக்கு லண்டன் ஆயர் எழுதினார். ஹார்ஸி விடுவிக்கப்பட்டார். கர்தினால் உல்சியின் பெயர் இங்கே வந்துவிட்டதால் அடுத்தது அவர்.

ஜனவரி 27

பேரனுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் எழுத முடியவில்லை.

தாமஸ் உல்சி, எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சர். 1518இலிருந்து போப்பின் சிறப்புத் தூதர். அந்தப் பதவியை அவருக்கு வாங்கித் தரும்படி ரோமை நச்சரித்தவர்களில் ஒருவன் எட்டாம் ஹென்றியே. பதினோரு ஆண்டு அந்தப் பதவியின் அதிகாரத்தில் உல்சி ஆட்சி நடத்தினார், அரசன் பார்த்துக்கொண்டிருந்தான், அனுபவித்தான். விவாகரத்தை வாங்கித் தர முடியவில்லை என்றதும் 1529 அக்டோபர் 9இல் குற்றச்சாட்டு: போப்பின் தூதராகச் செயல்பட்டது பிரேமுனீரே.

உல்சி வாதாடவில்லை. ஒப்புக்கொண்டார். எல்லாச் சொத்தையும் எழுதிக்கொடுத்தார். யார்க் பிளேஸ் மாளிகை அரசனுக்குப் போய் வைட்ஹால் அரண்மனை ஆயிற்று. மறு ஆண்டு பிப்ரவரியில் மன்னிப்பு கிடைத்தது, நவம்பரில் ராஜத்துரோகம் என்று திரும்பப் பிடித்தார்கள், லண்டனுக்கு வரும் வழியில் லெஸ்டரில் இறந்தார்.

அதோடு விடவில்லை. தூதராக இருந்தது குற்றமென்றால் அந்தத் தூதருக்குக் கீழ்ப்படிந்ததும் குற்றம். ஆகவே இங்கிலாந்தின் குருமார் அனைவரும் குற்றவாளிகள். 'வேறெங்கிலும்' என்ற சொல் இப்போது நாடு முழுவதும் விரிந்துவிட்டது. 1531இல் கேன்டர்பரி மாகாணக் குருமார் 100,000 பவுண்டு கொடுத்து மன்னிப்பு வாங்கினார்கள். யார்க் மாகாணம் 18,840 பவுண்டு.

மக்களவையினருக்குச் சட்டென்று உறைத்தது: உல்சியின் நீதிமன்றங்களுக்கு நாமும்தானே போனோம்? எங்களுக்கும் மன்னிப்பு வேண்டும் என்று நின்றார்கள். முதலில் முறுக்கிய அரசன் பிறகு இலவசமாகவே கொடுத்தான். ஒரு நாடே செய்யாத குற்றத்துக்கு வரிசையில் நின்று மன்னிப்பு வாங்கியது.

ஜனவரி 28

பணத்தோடு பட்டமும் கேட்டான்: இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவன். குருமார் 'கிறிஸ்துவின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' என்று ஒரு வால் சேர்த்தார்கள். பேராயர் வார்ஹம் சபையில் அதை வாசித்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்றார் அவர். "அப்படியானால் நாங்கள் எல்லோரும் மௌனம்" என்று ஒரு குரல்.

பிப்ரவரி 2

"ரோமோடு உறவு முறிந்த பிறகு சட்டம் தேவையில்லாமல் போயிருக்குமே?" அங்கேதான் வேடிக்கை. எதிரி போனான், ஆயுதம் இருந்தது.

எலிசபெத் காலத்தில், 1571இல், ரோமில் மந்திரித்த சிலுவை, படம், ஜெபமாலை கொண்டுவந்து கொடுத்தால் பிரேமுனீரே. 1616இல் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் தரப்பில் அந்தச் சொல்லை அரசனின் சொந்தச் சான்சரி நீதிமன்றத்துக்கு (பொதுச்சட்டத்தின் கடுமையை நியாயம் பார்த்துத் தளர்த்தும் நீதிமன்றம்) எதிராகவே திருப்பிப் பார்த்தார்கள்: பொதுச்சட்ட நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சான்சரிக்குப் போகிறவன் 'வேறெங்கிலும்' போகிறவன்! முதலாம் ஜேம்ஸ் சான்சரி பக்கம் தீர்ப்பளித்தான். அதே ஆண்டு கோக் பதவி இழந்தார்.

என்னை உறுத்துவது மார்கரெட் ஃபெல். குவேக்கர் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்த பெண்மணி. குவேக்கர்கள் எந்தச் சத்தியமும் செய்ய மாட்டார்கள். சத்தியம் செய்யாதீர்கள் என்பது கிறிஸ்துவின் சொல். 1664இல் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் அவர்முன் அரச விசுவாச உறுதிமொழியை நீட்டினார்கள். அதன் சாரம், அரசனைப் பதவியிறக்கப் போப்புக்கு அதிகாரமில்லை என்பது. மறுத்தால் பிரேமுனீரே. அவர் மறுத்தார். போப்பை நம்புகிறவர் இல்லை, போப்போடு ஓட்டோ உறவோ இல்லை, போப்புக்கு எதிராகச் சத்தியம் செய்யவில்லை என்பதற்காகச் சொத்து பறிமுதல், லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் 1668 வரை.

கைதியைக் கடல் கடந்து அனுப்பினால் பிரேமுனீரே என்று 1679 ஹேபியஸ் கார்பஸ் சட்டம் சொன்னது. இந்த ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் நான் கைதட்டுவேன். 1967இல் குற்றவியல் சட்டச் சீர்திருத்தத்தில் 1393 சட்டம் முழுவதுமாக நீக்கப்பட்டது. நான் பிறந்து சில ஆண்டுகள் கழித்து என்று நினைக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 8

கேள்வி கேட்டவருக்கு ஒரு விட்டுக்கொடுப்பு. முக்கால்வாசி தவறு என்று முதல் நாள் எழுதினேன். பாதி என்று குறைத்துக்கொள்கிறேன். 1533இல் ரோமுக்கான மேல்முறையீடுகளைத் தடுத்த சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1353இன் கதவைத்தான் இழுத்துச் சாத்திப் பூட்டு போட்டார்கள். 'மகுடம் யாருக்கும் கட்டுப்பட்டதில்லை' என்ற வரியும் தயாராக இருந்தது.

ஆனால் சடங்கு என்று சொல்லாதீர்கள். அதே 1533 மார்ச்சில் கிரான்மர் கேன்டர்பரி பேராயராகப் பட்டம் பெற்றது எதை வைத்து? போப் ஏழாம் கிளெமென்ட் அனுப்பிய ஆணைகளை வைத்து. ரோமை உடைக்கப்போகிற கைக்கு மோதிரம் ரோமிலிருந்து வந்தது. 140 ஆண்டு சட்டம் இருந்தும் அந்தக் கடைசி நாள்வரை ரோமின் தாள் இல்லாமல் பேராயர் இல்லை.

பிப்ரவரி 9

"1772 அரச குடும்பத் திருமணச் சட்டத்திலும் இது வந்ததாமே?" வந்தது. அரசனின் சம்மதம் இல்லாமல் அரச குடும்பத்தார் செய்யும் திருமணத்தை நடத்திவைப்பவர், உதவுபவர், உடனிருப்பவர் எல்லோருக்கும் பிரேமுனீரே தண்டனை. கல்யாணத்துக்கு வந்த பாவத்துக்குச் சொத்து போகும்.

1785 டிசம்பர் 15. பட்டத்து இளவரசன் ஜார்ஜ், லண்டன் பார்க் தெருவில் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டின் வீட்டு வரவேற்பறையில் அவரை ரகசியமாக மணந்தான். அவர் கத்தோலிக்கர், இரண்டு முறை கணவனை இழந்தவர். மணம் முடித்துவைத்த பாதிரியாரைக் கடன்காரர் சிறையிலிருந்து இளவரசன் பணம் கட்டி வெளியே எடுக்க வேண்டியிருந்தது. சாட்சிகள் இரண்டு பேர்: பெண்ணின் மாமா, பெண்ணின் தம்பி. சான்றிதழை இளவரசன் தன் கையால் எழுதினான், சாட்சிகள் கையெழுத்திட்டார்கள்.

சாட்சிகளுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பிறகு மரியாவுக்குப் பயம். அந்தத் தாளை எடுத்து, மாமாவும் தம்பியும் கையெழுத்திட்டிருந்த கீழ்ப்பகுதியை மட்டும் தானே கத்தரித்து எடுத்துவிட்டார்.